அம்மனுக்கு நேர்ந்த முடி

வேண்டாம் பிள்ளை, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். பாரம் ஒண்டும் இல்லை. நிலத்தில மட்டும் வைக்கக் கூடாது. அந்தக் கொண்டக்டர் பொடியனும் ஏறேக்க கேட்டான், "என்னணை, பையைக் கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கொண்டு நிக்கிறியள்?" எண்டு. உனக்கென்ன, நீ உன்ர ரிக்கற்றைக் கிழி எண்டு சொல்லிப்போட்டன்.

நீங்கள் முல்லைத்தீவுக்கோ? நல்லம். நான் அதுக்கு முன்னமே இறங்கிடுவன், அம்மன் கோயில் வளைவில. இஞ்சால தள்ளி இருங்கோ, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறியளோ? முகத்தைப் பாக்கவே தெரியுது. கேள்வி கேக்கிற ஆக்களின்ர முகம்.

உள்ளுக்கு என்ன எண்டுதானே பாக்கிறியள்? தலைமயிர். ஏன் ஒதுங்கிறியள்? சுத்தமான மயிர் பிள்ளை, முந்தநாள்தான் நான் முழுக வாத்துவிட்டனான். என்ர மகன்ர. ஓம், மகன்ரதான், மகளின்ர இல்லை. இடுப்பைத் தாண்டி நிண்ட முடி.

பொறுங்கோ, ஃபோன் அடிக்குது. அடிக்கட்டும். நேர்த்தி தீர்க்கப் போகேக்க வழியில ஃபோனில கதைக்கக் கூடாது. உங்களோட கதைக்கிறது வேற, நீங்கள் பக்கத்தில இருக்கிறியள்.

நேர்த்தி எண்டா தெரியும்தானே. அம்மனிட்டை ஒண்டைக் கேட்டு, நீ தந்தால் இதைத் தாறன் எண்டு வாய் விட்டுச் சொன்னால் சொன்னதுதான். பிறகு இழுத்தடிக்க ஏலாது. என்ர மகள் நிரூபா திரும்பி வந்தால் மகன் கஜீபன்ர முடியைத் தருவன் எண்டு சொன்னனான். அண்டையில இருந்து அவன்ர தலையில கத்தரிக்கோல் பட நான் விடேல்லை. அப்ப அவனுக்குப் பதினாலு வயசு. இப்ப முப்பதை நெருங்கிறான்.

ஊர்ப் பொடியள் சாமியார் எண்டு பகிடி பண்ணுவாங்கள். மேசன் வேலைக்குக் கூப்பிட்டாங்கள், கொண்டையோட நாலு பேருக்கு நடுவில நிக்க வெக்கமாம், போகேல்லை. சங்கக்கடையில நிண்ட பெட்டை ஒண்டுக்கு அவனில விருப்பம். நல்ல பிள்ளை. முடியை வெட்டுங்கோ, நானே உங்கட அம்மாட்டை வந்து கதைக்கிறன் எண்டு சொன்னவளாம். வந்து என்னட்டைக் கேட்டான். உன்ர அக்காவை விட உனக்குக் கலியாணம் பெரிசோ எண்டு கேட்டன். பிறகு அந்தக் கதையே எடுக்கேல்லை. அவள் இப்ப வேற இடத்தில கட்டிப் பிள்ளையளோட இருக்கிறாள். சொன்னா கேப்பான் என்ர பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேணும்.

நான்தான் சிக்கெடுத்து, எண்ணெய் வைச்சுப் பின்னி விடுறனான். வாசல்ல முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான். பின்னால நிண்டு பாத்தா நிரூவேதான். சில நேரம் பேரையும் மாறிக் கூப்பிட்டிடுவன். அவன் அதுக்கும் "ஓம் அம்மா" எண்டுவான்.

சண்டையின்ர அந்தக் கடைசி வருசம் உங்களுக்குச் சின்ன வயசாயிருக்கும். யாழ்ப்பாணத்தில இருந்திருப்பியள். நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை மணலில வந்து நிண்டம். என்ர மனுசன் வழியிலயே செல் விழுந்து வெடிச்சுச் செத்துப்போயிட்டார். எரிக்கவும் நேரமில்லை, ஒரு மாமரத்துக்குக் கீழ தாட்டுப்போட்டு வந்தம். முதல்ல இயக்கம் வீடு வீடா வந்து சண்டைக்குப் பிள்ளையளைக் கேட்டது. பிறகு வீடு எங்க இருந்தது, பங்கர் பங்கரா வந்தினம். நிரூவுக்குப் பதினெட்டு. அவளைத்தான் தேடி வருவினம் எண்டு, தண்ணிப் பீப்பாவில மூச்சு விட ஓட்டை போட்டு, அவளை இருத்திக் கவிட்டு, மேல விறகு அடுக்கி வைச்சிருந்தனான். பகல் முழுக்க அதுக்குள்ளதான் இருப்பாள். ஒரு சத்தம் வராது.

கஜீ சின்னன்தானே எண்டு அவனை வெளியில விட்டிருந்தன். கஞ்சி வாங்க வரிசைக்கு அனுப்பினன். பாத்திரம் மட்டும்தான் திரும்பி வந்தது. பக்கத்துப் பங்கர் றீற்றா அக்கா கொண்டுவந்தவ. மன்னார்ப் பக்கத்து வேதக்கார மனுசி. "தவமலர், உன்ர பொடியனை இயக்கம் வான் வண்டியில ஏத்திப்போட்டுது" எண்டா. கஞ்சியைச் சிந்தாமல்தான் கொண்டுவந்தவ. அந்தக் கஞ்சியை நிரூவுக்குக் குடுத்தன், அவள் குடிக்கேல்லை.

பெட்டையை ஒளிச்சபடியால்தான் பொடியனைக் கொண்டுபோனவை எண்டு சில ஆக்கள் கதைச்சினம். விசர்க்கதை. ஆருக்குத் தெரியும், அந்த வயசில பிடிப்பினம் எண்டு?

கோயில் அப்ப சண்டை நடக்கிற இடத்துக்கு அங்கால. அது இருக்கிற திசையைப் பாத்து மணலில விழுந்து கும்பிட்டன். தாயே, என்ர குஞ்சு உயிரோட வந்தா நிரூவின்ர முடியைத் தாறன் எண்டு. உன்ர முடியைக் குடுத்திருக்கலாமே எண்டு நினைக்கிறியள். உங்கட முகத்தில தெரியுது. என்ர முடியும் ஒரு முடியோ பிள்ளை, எலிவால். அம்மனுக்குக் குடுக்கிறதெண்டா பெறுமதியானதைக் குடுக்க வேணும். நிரூவின்ர முடி முழங்காலைத் தொடும். பள்ளிக்கூடத்தில ரீச்சர்மார் கூப்பிட்டு அவிட்டுப் பாப்பினம்.

அம்மன் கைவிடேல்லை. ஒரு நாள் மத்தியானம் வந்து நிண்டான். ஆரோ ஒராளின்ர பெரிய சேட் போட்டிருந்தான், காலில ஒண்டும் இல்லை. "ஓடி வந்திட்டன்" எண்டான், வேற ஒரு கதையும் இல்லை. தோளில கறுத்த தழும்பு. சுடேக்க துவக்கு இடிச்சு இடிச்சு வந்ததாம். என்ர தோளில தூங்கின பிள்ளை அவன். தலையைத் தடவ நான் கையைக் கொண்டுபோனா, அடி விழப்போகுது எண்ட மாதிரி ரெண்டு கையாலையும் முகத்தைப் பொத்துவான். அங்க என்ன செய்தான், என்ன செய்வித்தவை எண்டு நான் இண்டைக்கு வரைக்கும் கேக்கேல்லை. கேட்டா சொல்லிப்போடுவான் எல்லோ.

வந்த பிள்ளைக்குத் தண்ணி குடுத்துப்போட்டு நான் முதல் தேடினது கத்தரிக்கோலைத்தான். றீற்றா அக்காவிட்டை இருந்தது. என்னத்துக்கு எண்டு கேட்டா, சொன்னன். மனுசிக்கு முகம் மாறிப்போச்சு. "இப்ப வெட்டாதை தவம். இயக்கத்துக்குப் போன பெட்டையளுக்குத்தான் கட்டை முடி. இயக்கம் கண்டாலும் ஓடி வந்தவள் எண்டு பிடிக்கும், ஆமி கண்டாலும் இயக்கம் எண்டு பிடிக்கும். கொஞ்சம் பொறு. மாதாவோ அம்மனோ, தாய்மாருக்கு இது விளங்கும்" எண்டா. அவவுக்கென்ன தெரியும்? அவையின்ர மாதா பொறுப்பாவாக்கும். எங்கட அம்மன் அப்பிடியில்லை. சொன்னதைக் குடுக்காட்டி, தந்ததைத் திருப்பி எடுத்துப்போடுவா. அவனைத் திரும்ப எடுத்தால் நான் என்ன செய்யிறது?

கஜீயும் கத்தரிக்கோலைப் பறிக்க வந்தான். "வெட்டாதேங்கோ அம்மா, அங்க முதல் வேலையா முடியைத்தான் வெட்டுறவை, பெட்டையள் அழுததை நான் பாத்தனான்" எண்டு கத்தினான். வந்த பிறகு அவன் கனக்கக் கதைச்சது அண்டைக்குத்தான். நிரூதான் வந்து என்ர முன்னால இருந்தவள். "வெட்டுங்கோ அம்மா. தம்பி வந்திட்டான்தானே" எண்டாள். ஒட்ட வெட்டினன். கற்பூரம் கொளுத்தி, முடியைத் துணியில சுத்திக் கடலில விட்டம். எனக்கு மனம் நிறைஞ்சு போச்சு பிள்ளை. இனி என்ர ரெண்டு பிள்ளையளும் எனக்குத்தான் எண்டு நினைச்சன்.

திரும்ப அடிக்குது. அவன்தான். அடிக்கட்டும்.

பிறகு எல்லாம் முடிஞ்சுது. ஆமியின்ர பக்கம் வந்து முள்ளுக்கம்பிக்குள்ள வரிசையா நிக்கிறம். ஸ்பீக்கரில தமிழில சொல்லுறாங்கள், ஒரு நாள் எண்டாலும் இயக்கத்தில இருந்தாக்கள் இஞ்சால வாங்கோ, பதிஞ்சுபோட்டு விட்டிடுவம் எண்டு. கஜீ என்ர கையைக் கழட்டப் பாத்தான். "நான் போய்ச் சொல்லட்டோ அம்மா" எண்டான். நான் மணிக்கட்டில இறுக்கிப் பிடிச்சன். வாயை மூடிக்கொண்டு நில், நீ வாய் திறந்தா நான் இதிலயே செத்துப்போவன் எண்டன். எந்தத் தாய் இதைச் சொல்லமாட்டா?

ஒரு ஆமிக்காரன் வரிசையில பொடியளின்ர சேட்டை விலக்கித் தோளைப் பாத்துக்கொண்டு வாறான். தழும்பு இருக்கோ எண்டுதான். எங்களுக்கு முன்னால நிண்ட பொடியனைப் பாத்தாச்சு. அடுத்தது கஜீ. அவன்ர சேட்டில கையை வைச்சிட்டான். அப்பதான் நிரூ தலையில போட்டிருந்த துவாயைக் கழட்டினவள். வெக்கைக்குத்தான் கழட்டினவள். அண்டைக்குச் சரியான வெக்கை. ஆமிக்காரன் அவளின்ர தலையைப் பாத்தான், இவன்ர சேட்டை விட்டிட்டான். "நீ இயக்கத்தில இருந்தனியோ?" எண்டு தமிழிலதான் கேட்டான். ஒரு நாளும் இருக்காத பிள்ளை, பீப்பாவுக்குள்ள இருந்த பிள்ளை, ஓம் எண்டிட்டாள்.

பயத்தில சொன்னதுதான். சின்னனில இருந்தே அவள் அப்பிடி. ஆரும் அதட்டிக் கேட்டா எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டிப்போடுவாள். நான் கத்தினன், இல்லை ஐயா, அது நேர்த்திக்கு வெட்டின முடி ஐயா, அம்மனுக்குக் குடுத்தது எண்டு. அவங்களுக்கு என்ன விளங்கும்? போகேக்க என்னைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. தம்பியைத்தான் பாத்தவள். சிரிச்ச மாதிரியும் இருந்தது. பஸ்ஸில ஏத்தினாங்கள். அதுக்குப் பிறகு நான் என்ர பிள்ளையைக் காணேல்லை.

போகாத இடமில்லை. தடுப்பு முகாம் எல்லாத்துக்கும் போனன். அப்பிடி ஒரு ஆள் இல்லையாம். படம் காட்டினா, இவ்வளவு முடியோட ஒருத்தியும் வரேல்லை எண்டுவாங்கள். முடி இல்லாமல் ஒரு படம் என்னட்டை இருந்தாத்தானே? இப்பவும் கிளிநொச்சியில றோட்டுக் கரையில கொட்டில் போட்டு, காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மார் எல்லாரும் குந்தியிருக்கிறம். விசாரிக்க வாறவை முதல் கேக்கிறது, மகள் இயக்கமோ எண்டுதான். இல்லை எண்டுவன். அப்ப ஏன் பிடிச்சவை எண்டுவினம். முடி எண்டுவன். எழுதிறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாப்பினம்.

உண்மையா இருந்த பிள்ளையள் புனர்வாழ்வு முடிஞ்சு ஒவ்வொருத்தரா வீட்டை வந்திட்டுதுகள். தையல் படிச்சதுகள், தச்சுவேலை படிச்சதுகள், பிள்ளை குட்டியோட இருக்குதுகள். என்ர வீட்டில ஒண்டும் சரிவரேல்லை. கஜீக்குப் பட்டாசுச் சத்தம் கேக்கக் கூடாது, கட்டிலுக்குக் கீழ போயிடுவான். சின்னப் பொடியள் தடியைத் துவக்கு மாதிரிப் பிடிச்சு விளையாடினா வாந்தி எடுப்பான். ஒருக்கா ஒரு பிள்ளை வந்தவ, உங்களை மாதிரிப் படிச்ச பிள்ளை, இப்பிடிப் பாதிச்ச ஆக்களோட இருந்து கதைச்சுச் சுகப்படுத்திறவவாம். அவனும் கதிரையை இழுத்து முன்னால வந்து இருந்திட்டான். வாயைத் திறக்கப் போறான். நான் அடுப்படியில இருந்து ஓடிவந்து, என்ர மகன் ஒரு நாளும் இயக்கத்தில இருக்கேல்லை, நீங்கள் வேற வீடு பாருங்கோ எண்டு அனுப்பிப்போட்டன். பின்ன? அக்காவைப் பறிகுடுத்துக் காப்பாத்தின பிள்ளையை நானே காட்டிக்குடுக்கிறதோ?

அதுக்காகத்தான் திரும்பவும் அம்மனிட்டை நேர்ந்தது. அவவுக்கு என்ர வீட்டுக் கணக்கு வழக்கு தெரியும். ஒரு பிள்ளையின்ர முடிக்கு மற்றப் பிள்ளையைத் தந்தவ. மாறிச் செய்தா மாறித் தருவா எண்டு நினைச்சன். வருசம் போகப் போக முடியும் வளந்துகொண்டு வந்தது. அதைத் தொட்டுப் பாத்தாத்தான் எனக்கு நித்திரை.

இண்டைக்குக் காலமை தேத்தண்ணியோட வாறன், முடி மேசையில கிடக்கு. வடிவாப் பின்னி, ரெண்டு பக்கமும் நூல் கட்டி வைச்சிருக்கிறான். ஆள் பக்கத்தில இருக்கிறான், மொட்டையும் இல்லை முடியும் இல்லை. அந்தப் பதினாலு வயசு முகம் அப்பிடியே திரும்பி வந்து இருக்குது.

"அம்மா, அக்கா வரமாட்டா" எண்டான். வாயில அடிச்சன். அடியை வாங்கிக்கொண்டு கதைக்கிறான். "இண்டைக்குக் கொட்டிலில கூட்டம். எல்லாத் தாய்மாரும் வருவினம். நான் போய்ச் சொல்லப்போறன். அக்கா ஒரு நாளும் இயக்கத்தில இருக்கேல்லை, நான்தான் இருந்தனான், என்ர தோளைப் பாக்காமல் இருக்கத்தான் அவ துவாயைக் கழட்டினவ எண்டு. அங்க நான் செய்ததையும் சொல்லப்போறன். சொல்லாட்டி என்னால மனுசனா நடமாட ஏலாது அம்மா" எண்டான்.

துவாயோ, அது வெக்கைக்கெல்லோ கழட்டினவள் எண்டன். பிறகு கெஞ்சத் தொடங்கினான். "நீங்களும் வாங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம். பக்கத்தில நிண்டா காணும். தனிய என்னால ஏலாது" எண்டான். என்ர கையைப் பிடிச்சான். அவன் என்ர கையைப் பிடிச்சது அந்த வரிசையில நிண்டதுக்குப் பிறகு இண்டைக்குத்தான். குளிர்ந்த கை.

வெட்டின முடி வெட்டினதுதான் பிள்ளை. அதை மேசையில போட்டுவைச்சிட்டு நான் எங்க போறது? பையில எடுத்தன், வெளிக்கிட்டன். அவனும் பின்னால வந்தான். சந்தியில அவன் கிளிநொச்சிப் பக்கம் போற பஸ்ஸுக்கு றோட்டுக்கு அங்கால நிண்டான், நான் இஞ்சால நிண்டன். அவனுக்குப் பஸ் வந்தது. ஏறேல்லை. நான் றோட்டைக் கடந்து வருவன் எண்டு பாத்துக்கொண்டு நிண்டான். பிறகு இந்தப் பஸ் வந்தது, நான் ஏறிட்டன்.

நீங்கள் என்ன சொல்லுறியள், நான் அவனோட போயிருக்க வேணுமோ? நேர்த்தி என்னாகிறது? அவன் எங்க போகப்போறான், வளந்த ஆம்பிளை. போனமுறை அம்மன் முதல் தந்தவ, நான் பிறகு குடுத்தன். இந்தமுறை நான் முதல் குடுக்கிறன், அவ பிறகு தரட்டும். கேட்டது கிடைக்க முன்னமே கொண்டுவந்து நிக்கிறாளே எண்டு அவவுக்கும் மனம் இரங்கும்தானே? இரங்க வேணும். இதுக்குப் பிறகு குடுக்க என்னட்டை வேற ஒண்டும் இல்லை.

பாத்தியளோ, விடுறான் இல்லை. நீங்கள் ஒருக்கா எடுங்கோ பிள்ளை. நீங்கள் கதைச்சா நேர்த்திக்குக் குற்றமில்லை. அம்மா கோயிலுக்குப் போறா, பின்னேரம் வந்திடுவா, சோறு மூடி வைச்சிருக்கு எண்டு சொல்லுங்கோ. பச்சையை அமத்துங்கோ.

என்னவாம்? சந்தியிலயோ நிக்கிறான்? இன்னும் அதே இடத்திலயோ? கூட்டத்துக்குப் போகேல்லையோ?

திரும்பச் சொல்லுங்கோ. "ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை, இனிச் சொல்லவும் மாட்டன் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ" எண்டோ சொன்னவன்? வைச்சிட்டானோ?

நான் சொன்னன்தானே பிள்ளை. சொன்னா கேப்பான். வாயை மூடிக்கொண்டு நில் எண்டு அண்டைக்குச் சொன்னதை இண்டைக்கு வரைக்கும் கேக்கிறான். எந்தத் தாய்க்கு இப்பிடி ஒரு பிள்ளை கிடைக்கும்?

நீங்கள் ஏன் திரும்ப நம்பரை அமத்துறியள்? விடுங்கோ. இந்தா, வளைவு வந்திட்டுது. தம்பி, கோயிலடி இறக்கம்! பையை ஒருக்காப் பிடியுங்கோ பிள்ளை, நான் எழும்பிக்கொள்ளுறன். நிலத்தில முட்ட விடாதேங்கோ. ஓம், அப்பிடித்தான். பாரம் ஒண்டும் இல்லை எண்டு சொன்னன்தானே.